கூப்பிட்டால்தான் வருவான்

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். அம்மாவின் படிப்பு அதற்கும் முன்பே ஒரு பதுங்குகுழிக்குள் முடிந்துபோயிற்று. ஆகவே நான் அபிட்டூர் என்ற பள்ளியிறுதிப் பரீட்சையில் சித்தியடைந்தபோது, ஜெர்மனியில், வூப்பெர்டாலில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் அப்பா கேக் வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நாள் கழித்து, நான் ஜப்பானியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னேன். கேக் கொடுத்த வீடுகளுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது என்பதுதான் அவருடைய முதல் கவலை.

"ஜப்பான் எண்டால் மெஷின் படிப்போ?"

"இல்லையப்பா. மொழி, பண்பாடு."

"அது சரி. அதுக்குப் பிறகு?"

அதற்குப் பிறகு என்ன என்பது எனக்கும் தெரியாது. முதுகலை ஆய்வு தொடங்கிய வருடம் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில், மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில், அம்மாவுக்குத் தெரிந்த ஒரு அக்கா கேட்டார்: "தம்பி இப்ப என்ன செய்யிறார்?"

"ஆராய்ச்சி செய்யிறான்," என்றார் அம்மா.

"என்னத்தில?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததையே அவர் சொன்னார். "ஜப்பான் நடிகையளைப் பற்றி." அந்த அக்காவின் முகம் மாறியதைக் கண்டு அவசரமாகச் சேர்த்தார்: "வயசான நடிகையள்." அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

நான் உண்மையில் எழுத நினைத்தது இதுதான். ஜப்பானில் அனிமே என்ற அசைபடங்களில் வரும் சின்னப் பையன்களுக்குப் பெரும்பாலும் குரல் கொடுப்பவர்கள் வளர்ந்த பெண்கள். சிறுவர்களை நெடுநேரம் வேலை வாங்க முடியாது, அவர்களுடைய குரலும் ஒருநாள் உடைந்துவிடும். பெண்ணின் குரலோ அப்படியே நிற்கும். மேடையிலும் திரையிலும் தொடங்கி, நாற்பது வயதுக்கு மேல் திரையில் இடமில்லாமல் போன எத்தனையோ நடிகைகள் இப்படி ஒரு பையனாக மாறி, பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் அந்தப் பையனாகவே இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய தொழில் வாழ்க்கையை நான் எழுத விரும்பினேன். புத்தகங்களில் இருந்ததை எல்லாம் படித்துவிட்டேன். அப்படி ஒருவரை நேரில் கண்டதில்லை.

டுசெல்டோர்ஃபில் எனக்கு ஜப்பானிய மொழி கற்பித்த ஆசிரியை ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார். அவர் ஜப்பானியர்; ஒரு ஜெர்மானியரை மணந்து அங்கேயே குடியிருப்பவர். "என்ர அம்மா என்னைப் பாக்க வந்த இடத்தில விழுந்து இடுப்பெலும்பை உடைச்சுப்போட்டா. ஒப்பரேஷன் முடிஞ்சுது. இப்ப விமானம் ஏற ஏலாது, வீட்டில இருந்து சுவரைப் பாத்துக்கொண்டிருக்கிறா. நீ தேடுற மாதிரி ஒரு ஆள்தான் அவ. வந்து கதை." ஆசிரியையின் தாய் நடிகை என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவர் எந்தப் பையனுக்குக் குரல் கொடுப்பவர் என்று ஆசிரியை சொன்னபோது ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டேன். நான் சிறுவனாக இருந்தபோது ஜெர்மன் குரலில் பார்த்து வளர்ந்த பையன் அவன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்த அம்மையாரும் ஆசிரியையும் என்னோடு பேசியது ஜப்பானிய மொழியில். ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து அவர்கள் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி, இப்போது என் நினைவில் அவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்களாகவே பேசுகிறார்கள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதல் நாளே பிழை விட்டேன். ஜப்பானிய நடிப்புத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு முதன்முதல் சந்திக்கும்போது, பொழுது சாயும் நேரமானாலும் சரி, 'காலை வணக்கம்' என்றுதான் சொல்வார்கள். இதைப் படித்து வைத்திருந்த நான், பின்னேரத் தேநீருக்குப் போன இடத்தில், வாசலில் நின்று குனிந்து, காலை வணக்கம் சொன்னேன். எண்பதைத் தாண்டிய, மெலிந்த, வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அந்த அம்மையார் தன் ஊன்றுகோல்களில் நிமிர்ந்து என்னைக் கவனமாகப் பார்த்தார்.

"எந்த நாடகக் குழு?"

ஆசிரியை சிரிக்கத் தொடங்கிவிட்டார். தொழிலில் இருப்பவர்கள் மட்டும் தங்களுக்குள் சொல்லும் வணக்கம் அது.

"பல்கலைக்கழகம்," என்றேன், காது சுட.

"அங்கையும் நடிக்கவேணும்தானே. உள்ள வாங்கோ."

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போனேன். பள்ளிக்கூடம் முடித்தவுடன் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்ததைச் சொன்னார். வெளிநாட்டுத் தொடர்களுக்கு நேரடியாகக் குரல் கொடுத்த காலத்தைச் சொன்னார். அப்போது பதிவு இல்லையாம். ஒருவர் இருமினால் அந்த இருமல் நாடு முழுக்கக் கேட்குமாம். திரைப்படத்துக்குப் போனதையும் சொன்னார். "எத்தினையோ படத்தில தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சன். ஒரு படத்தில நானே குடிச்சன். அது பதவி உயர்வு."

நான் என் ஆய்வுக்காக வரைந்திருந்த ஒரு வரைபடத்தை அவரிடம் காட்டினேன். ஒரு நடிகையின் தொழில் வாழ்க்கைக் கோடு, நாற்பது வயதில் உச்சத்தில் இருந்து சரிந்து, பிறகு குரல் நடிப்பு என்று ஒரு தட்டையான தரையாக ஓடியது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, "இப்ப சரி," என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

என்னிடம் நான் எப்போதாவது நடித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லப்போனேன். அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பாவுக்காக வைத்தியரிடம் டெர்மின், அதாவது சந்திக்கும் நேரம், எடுப்பதற்குத் தொலைபேசியில் நான்தான் பேசுவேன். சின்னப் பையனின் குரல் என்றால் அங்கே இருக்கிற பெண் 'அம்மாவிடம் கொடு' என்பார். ஆகவே தாடையைக் கழுத்துக்குள் இறக்கி, அப்பாவின் பெயரைச் சொல்லி, அப்பாவாகப் பேசுவேன். அப்பா பக்கத்தில் நின்று, தானே பேசுவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். எங்களைப் போன்ற பிள்ளைகள் பலர் இப்படித்தான் வளர்ந்தோம்.

அவர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "நான் கிழவி, பையனாக் கதைக்கிறன். நீங்கள் பையன், அப்பாவாக் கதைச்சிருக்கிறியள். டெர்மின் கிடைச்சதோ?"

"எல்லா முறையும் கிடைச்சுது."

"அப்ப நல்ல நடிகன்."

ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னதாக ஒரு காலையில் நான் அங்கே இருந்தபோதுதான் டோக்கியோவில் இருந்து அந்தப் பையனின் தொடருடைய தயாரிப்பாளர் தொலைபேசி எடுத்தார். அம்மையாரின் இரு கைகளும் ஊன்றுகோலில் இருந்ததால் மகளான என் ஆசிரியை தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி விட்டார். தயாரிப்பாளர் மிக மென்மையாகப் பேசினார். உடம்பு தேறட்டும், அவசரம் ஒன்றுமில்லை. எப்போதாவது, ஆறுதலாக, முடியுமானால், அந்தப் பையனின் குரலில் ஒரு சின்னப் பதிவு அனுப்பினால் போதும். கோடையில் தொடரின் புதிய பருவம் தொடங்குகிறது, எல்லோருக்கும் மனம் ஆறும். அம்மையார் தொலைபேசியை நோக்கித் தலை குனிந்து நன்றி சொன்னார்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: குரல் நிற்குமா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பதிவு நன்றாக இருந்தால் பையன் இவருடையவன். இல்லாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடுவான். நாற்பது வருடமாக அவர் வைத்திருந்த பையன்.

"பல்கலைக்கழகத்தில நல்ல மைக் இருக்கு. நான் கடனா எடுத்துக்கொண்டு வாறன்," என்றேன்.

அம்மையார் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "சரி. அனுப்புவம்," என்றார்.

மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

குளிர்ச்சட்டைகள் தொங்கும் சின்ன அறை ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அங்கே போர்வைகளையும் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கினேன். பதிவுக்கு அவர் தேர்ந்தெடுத்தது பழைய அத்தியாயம் ஒன்றில் இருந்து சின்னக் காட்சி. ஆற்றங்கரையில் பையன் விளையாடுகிறான், பொழுது படுகிறது, வீட்டில் இருந்து தாய் கூப்பிடுகிறாள். அவன் 'இன்னும் கொஞ்சம்' என்கிறான். அவள் திரும்பவும் கூப்பிடுகிறாள். திரும்பவும் 'இன்னும் கொஞ்சம்'. கடைசியில் 'வாறன்' என்று ஓடுகிறான். அவ்வளவுதான். இதைவிட இலகுவான வேலை கிடையாது என்று நினைத்தேன்.

முதல் நாள் அவர் தனியாகப் பேசினார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தலையணியில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது: ஒரு கெட்டிக்கார வயோதிபப் பெண் ஒரு பையனைப்போலப் பேசுகிறார். பையனைக் காணவில்லை. அவருக்கும் தெரிந்தது. நாற்காலி வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஊன்றுகோல்களோடு நின்றார். "இவன் காலில இருந்து வாறவன். தொண்டையில இருந்து வாறேல்லை." நின்றும் வரவில்லை.

பிறகு காரணத்தைச் சொன்னார். டோக்கியோவில் முன்பெல்லாம் அவர்கள் தனித்தனியாகப் பதிவு செய்ததில்லை. எல்லா நடிகர்களும் ஒரே அறை. மைக் ஒரு சிலதுதான். தன் முறை வரும்போது ஒருவர் சத்தமில்லாமல் முன்னே வந்து நிற்பார், மற்றவர் விலகுவார், தாள் திருப்பும் ஒலிகூடக் கேட்காது. பையனின் தாயாகப் பேசுபவர் எப்போதும் அவருக்கு இடப்பக்கம் நிற்பார். அவருடைய மூச்சை இவர் தன் தோளில் உணர்வாராம். தொற்றுநோய் வந்த காலத்தில் அதை மாற்றி ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பதிவு செய்தார்கள். நோய் போன பிறகும், செலவும் நேரமும் மிச்சம் என்று பலவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள்.

"குரல் கிழடாய்ப் போட்டுது எண்டு அவை நினைக்கினம். இருக்கலாம். ஆனா ஒண்டு. அவன் கூப்பிட்டால்தான் வருவான். ஆரும் கூப்பிடாமல் 'இன்னும் கொஞ்சம்' எண்டு ஆருக்குச் சொல்லுறது?"

அடுத்த முறை தாயின் வசனத்தை நான் வாசித்தேன். என் உச்சரிப்பில் பிழை இல்லை. அதற்காகத்தான் எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது. மூன்றாம் வரியிலேயே அவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, நீங்கள் கூப்பிடேல்லை. ரயில் பிந்தி வருது எண்டு அறிவிக்கிறியள்."

மகளைக் கேட்கலாமே என்றேன். மகள் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். "என்னால ஏலாது," என்றார். குரல் அமைதியாகத்தான் இருந்தது. "நான் சின்னனில வெளியில விளையாடேக்க என்னைக் கூப்பிட்டது பக்கத்து வீட்டு மனிசி. அம்மா ஸ்டூடியோவில நிண்டவ. எனக்கு அவனைக் கூப்பிட விருப்பமில்லை."

அம்மையார் மைக்கில் இருந்து விலகினார். போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அதோடு விட்டோம்.

என் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். ஈஸ்டர் விடுமுறை தொடங்கியதும் அவருக்கு ஓய்வு. அவரைப் பொறுத்தவரை, ஒருவருக்கு ஒப்பரேஷன் நடந்தால் போய்ப் பார்க்கவேண்டும்; போகும்போது சாப்பாடு கொண்டு போகவேண்டும். ஆளைத் தெரியாது என்பது ஒரு காரணமே இல்லை. "உனக்கு வேலைக்கு உதவி செய்யிற மனிசி இடுப்பு உடைஞ்சு கிடக்கு. நாங்கள் எட்டிப் பாக்கேல்லை எண்டால் என்ன நினைப்பினம்?" ஜப்பானியர்கள் அப்படி ஒன்றும் நினைக்கமாட்டார்கள், சொல்லாமல் போவதுதான் அவர்களுக்குச் சங்கடம் என்று விளங்கப்படுத்தினேன். அம்மா தலையாட்டினார். அதனால் அவர் வரமாட்டார் என்று நம்பினேன்.

அன்று நாங்கள் பதிவுக்காக அழைப்பு மணியை நிறுத்தி வைத்திருந்தோம். என் கைத்தொலைபேசியும் சத்தமில்லாமல் இருந்தது. பல முறை முயன்று பயனில்லாமல், மகள் காற்றுக்காக முற்றத்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்தார். அம்மையார் மைக்குக்கு முன்னே களைத்துப்போய் நின்றார். நான் பதிவை இன்னும் நிறுத்தவில்லை.

கீழே இருந்து குரல் வந்தது.

"தம்பீ... எட தம்பீ! எத்தினை தரம் பெல் அடிக்கிறது? கதவைத் திறவடா!"

எனக்கு உயிர் போயிற்று. ஜெர்மானியர்கள் தாவரங்களுக்குத் தண்ணீர் விடும்போதுகூட மெதுவாக விடுகிற முற்றம் அது. நான் ஜன்னலுக்கு ஓடுவதற்குள், எனக்குப் பின்னால் இருந்து, போர்வைகளுக்கு நடுவில் இருந்து, ஒரு பையன் பதில் சொன்னான்.

இன்னும் கொஞ்சம், என்றான்.

அது அம்மையார்தான். ஆனால் திரும்பிப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. கையில் மண் ஒட்டியிருந்த குரல் அது.

"ஆர் அது?" என்று அம்மையார் தன் குரலில் கேட்டார்.

"என்ர அம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சொல்லாமல் வந்திட்டா."

"கூப்பிடுங்கோ. கெதியா."

அம்மா சாப்பாட்டுப் பையோடும் என் மேசையில் கிடந்த விலாசத் துண்டோடும் மேலே வந்து சப்பாத்தைக் கழற்றினார். இருவரும் ஒருவருக்கொருவர் குனிந்து, நிமிர்ந்து, திரும்பவும் குனிந்தார்கள். அம்மா அவருடைய ஊன்றுகோல்களைப் பார்த்து, "ஐயோ, பாவம், நிக்க விட்டிருக்கிறியே," என்று என்னைக் கண்டித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு உந்த நடிப்பெல்லாம் ஏலாது."

"நடிக்க வேண்டாமாம். என்னைக் கூப்பிட்ட மாதிரிக் கூப்பிடட்டாம்."

"எனக்கு ஜப்பான் பாஷை தெரியாதே."

"தேவையில்லையாம்."

"முதல் சாப்பிடச் சொல்லு," என்றார் அம்மா.

மொழிபெயர்த்தேன். அம்மையார் உடனே சம்மதித்தார். பதிவுக்கு முன் எதையாவது சாப்பிடுவது அவர்கள் தொழிலில் கட்டாயம்; வெறும் வயிறு உறுமினால் மைக் பிடித்துவிடும். "பாத்தியே," என்றார் அம்மா என்னிடம், "படிச்ச ஆக்கள் சாப்பிட்டிட்டுத்தான் வேலை செய்யினம்." சரக்குத்தூள் போட்ட மீன் குழம்பும் சோறும். அம்மையார் உறைப்பில் கண் கலங்கினார். ஆனால் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

பிறகு காப்புப் பிரச்சினை. அம்மா கையை அசைக்கும்போதெல்லாம் காப்புகள் ஒலித்தன. கழற்ற முடியாது, கையில் இறுகிவிட்டன. அம்மையார் தன் கழுத்துத்துணியை எடுத்து அம்மாவின் மணிக்கட்டில் தானே சுற்றிக் கட்டினார். அம்மா கையை நீட்டிக்கொண்டிருந்தார், ஐயரிடம் நூல் கட்ட நீட்டுவதுபோல.

அம்மாவை அவருடைய இடப்பக்கம் நிற்க வைத்தேன்.

"தம்பி," என்றார் அம்மா, போர்வையைப் பார்த்துக் கூச்சத்தோடு. "வாங்கோ தம்பி, சாப்பிட."

"அம்மா, என்னை எப்ப நீங்கள் வாங்கோ எண்டனீங்கள்?"

"சத்தம் போடாத நீ." அந்த எரிச்சலோடேயே திரும்பினார். "எட தம்பி! விளையாடினது காணும். வாடா சாப்பிட!"

இன்னும் கொஞ்சம், என்றான் பையன் ஜப்பானிய மொழியில்.

அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் எந்த மொழியிலும் ஒரு பையன் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். "என்ன கொஞ்சம்? சோறு ஆறுது. வாறியோ இல்லையோ?"

இன்னும் கொஞ்சம். இம்முறை கெஞ்சல்.

"கொப்பர் வரட்டும், சொல்லித் தாறன் உனக்கு. இருட்டினாப் பிறகு ஆத்தங்கரையில என்ன வேலை? வாடா எண்டால்!"

அம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. தான் நிற்கும் இடத்தை அவர் மறந்துபோனார். வசனத்தாளில் இல்லாத இடத்தில் பையன் ஒரு முறை சிணுங்கினான். பிறகு சத்தமாக, மூச்சு வாங்க, வாறன் என்றான். ஊன்றுகோலில் நின்ற அந்தப் பெண்ணின் உடைந்த இடுப்பில் இருந்து எப்படி ஓடும் கால்கள் வந்தன என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓடி வந்தான். கதவடியில் நின்ற மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "நல்லா இருக்கு, அம்மா," என்றார். அவர்கள் இருவருக்கும் அது பெரிய விஷயம் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

கணினியில் என் அம்மாவின் குரலை வெட்டி எடுத்து, பையனின் வசனங்களை மட்டும் சுத்தமாகக் கோர்த்தேன். அம்மையாருக்கு இரண்டையும் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மற்றதை அனுப்புங்கோ. வெட்டாததை."

"அவை குரலைத்தானே கேட்டவை?"

"இதுதான் குரல்," என்றார்.

அனுப்பினேன். நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன். இதைக் கேட்டபிறகு யார் மறுப்பார்கள்? சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மகளிடம் அப்படிச் சொன்னேன். அவர் துணியை மடித்து வைத்தார்.

"உனக்கு நான் நல்லாப் படிப்பிக்கேல்லைப் போல. அவர் அம்மாவிட்டைக் குரல் கேக்கேல்லை. விலகச் சொல்லிக் கேட்டவர்."

எனக்கு விளங்கவில்லை.

"அவசரமில்லை, முடியுமெண்டால், ஆறுதலா. இவ்வளவு பெரிய நடிகையிட்டை ஒரு பதிவு அனுப்புங்கோ எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். கேட்டால் அதுக்கு ஒரே பதில்தான். 'எனக்கு வயசாகிப்போச்சு, நீங்கள் வேற ஆளைப் பாருங்கோ' எண்டு அவவே சொல்லவேணும். அப்ப அவை அழுது, வேண்டாம் எண்டு சொல்லி, பிறகு ஏற்றுக்கொள்ளுவினம். எல்லாருக்கும் முகம் மிஞ்சும், ஒருத்தருக்கும் மானம் போகாது. இப்ப உண்மையாவே பதிவை அனுப்பியாச்சு. பாவம் அந்த மனிசன்."

"அம்மாவுக்கு இது தெரியாதோ?"

"எனக்கு முதலே அவவுக்குத் தெரியும்."

வூப்பெர்டாலுக்குப் போகும் ரயிலில் இதை என் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "பொம்பிளை பாக்க வந்திட்டு, சாதகத்தைப் பாத்திட்டுச் சொல்லுறம் எண்டு போறவை மாதிரி," என்றார். "பொம்பிளை வீட்டாரும் சரியெண்டு தலையாட்டுறதுதானே. ஆனா இவ பாவம், பாத்துச் சொல்லுங்கோ எண்டு சாதகத்தைக் கையில குடுத்து விட்டிருக்கிறா." சாப்பாட்டுப் பையை மடியில் எடுத்து வைத்தார். "அவ செய்தது சரி," என்றார்.

நான் இரண்டு மொழிகளுக்கு நடுவில் வளர்ந்து மூன்றாவதைப் படித்தவன். ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஜெர்மன் பழக்கத்தோடு டோக்கியோவைக் கேட்டிருக்கிறேன். அடுத்த முறை அம்மையாரிடம் நேராகவே கேட்டேன், தெரிந்துகொண்டே ஏன் அனுப்பினீர்கள் என்று. அவர் வீட்டு நடைக்கூடத்தில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

"கேட்டவை. குடுத்தன்." சுவர் வரை போய்த் திரும்பினார். "நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் முகம் மிச்சம் பிடிச்சுப் பிடிச்சு, என்ன நடந்தது எண்டு பாருங்கோ. தனித்தனியா நிண்டு பதிவு செய்யவேணும் எண்டு வந்த நேரமும் நாங்கள் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. பெரிய ஆக்கள் எல்லாரும் குனிஞ்சு நன்றி சொன்னம்."

பதில் வர நாள் பிடித்தது. விடுமுறையின் கடைசிப் பகுதியில் ஒரு காலையில், அம்மா திரும்பவும் குழம்போடு வந்திருந்தபோது, தொலைபேசி அடித்தது. மகள் முன்போலவே அதை மேசையில் வைத்தார். தயாரிப்பாளர் நெடுநேரம் நன்றி சொன்னார். எல்லோரும் சேர்ந்து கேட்டார்களாம். ஒலிப்பதிவாளர் அழுதாராம். அந்தத் தாய் யார் என்று எல்லோரும் கேட்கிறார்களாம். பிறகு அவருடைய குரல் தாழ்ந்தது. புதியவர் ஒருவர் குளிர்காலத்திலேயே தெரிவு செய்யப்பட்டுவிட்டார். மிகத் திறமையான பெண். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இவ்வளவு நாளும்...

அம்மையார் குறுக்கிடாமல் கேட்டார். அவர் கைகள் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்திருந்தன. பையன் போய்விட்டான் என்று எனக்குத் தெரிந்தது, குளிர்காலத்திலேயே போய்விட்டிருந்தான்.

"விளங்குது," என்றார் அவர். "ஒரு கேள்வி. அந்தப் பிள்ளையைத் தனிய நிக்க வைச்சுப் பதிவு செய்யப் போறியளோ?"

அப்படித்தான் திட்டம் என்றார் தயாரிப்பாளர்.

"அவனுக்குப் பக்கத்தில அவன்ர தாய் நிக்கவேணும். தாயாக் கதைக்கிறவவையும் மற்ற ஆக்களையும் ஒரே அறையில கூப்பிடுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"நல்ல முறையில யோசிக்கிறம்," என்றார் தயாரிப்பாளர்.

அதன் பொருள் 'இல்லை' என்று இப்போது எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும், அவர் தரையைப் பார்த்தார்.

"அது ஓமோ?" என்று கேட்டார் அம்மையார்.

தொலைபேசியில் ஒரு மூச்சு. ஸ்டூடியோவின் நேரம், மற்ற நடிகர்களின் நேரம், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தவேண்டும், நிச்சயமாக முயற்சி...

"ஓமோ, இல்லையோ?"

ஜப்பானிய மொழியில் ஒருவரிடம் இப்படிக் கேட்பது எவ்வளவு முரடு என்று எனக்குச் சொல்லித் தந்தவரே மகள்தான். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். டோக்கியோவில் யாரோ கதிரையை நகர்த்தும் ஒலி கேட்டது. அம்மையார் காத்துக்கொண்டு நின்றார். உதவிக்கு ஒரு சொல் கொடுக்கவில்லை, சிரிக்கவில்லை, பரவாயில்லை என்று சொல்லவில்லை.

"ஓம்," என்றார் தயாரிப்பாளர். "செய்யிறம்."

அம்மையார் தொலைபேசியை நோக்கி ஆழமாகத் தலை குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா என் சட்டைக் கையை இழுத்தார். "என்னவாம்?"

"பையன் இனி இவவுக்கு இல்லையாம்."

"அப்ப ஏன் சிரிக்கிறா?"

"அவனைத் தனிய விடமாட்டினமாம்," என்றேன்.